கறந்த சூட்டோடு ஒரு கோப்பை

ஜூலை 8, செவ்வாய்

கச்சான் காற்று. கொடியில் போட்ட உடுப்பெல்லாம் மண். மிருக வைத்திய அலுவலகத்தில் பால் மாதிரிப் போத்தல்களுக்குப் பெயர் ஒட்டும் வேலை. பட்டதாரிப் பயிலுநர் என்றால் இதுதான் போலும்.

ராத்தாவைக் கட்டிய மச்சானுடைய மாடு சிவப்பியின் பரிசோதனை முடிவும் வந்தது. பின்பக்கக் காம்பு ஒன்று வீங்கி, பால் திரிந்து வருகிறது. மடிநோய். ஆனால் பற்றீரியா இல்லை, ஈஸ்ட். வைத்தியர் மேடம் நுணுக்குக்காட்டியில் என்னையும் பார்க்க விட்டார். மொட்டு விட்ட சின்ன உருண்டைகள். வடிவாக இருந்தன. அப்படி நினைத்ததற்கு வெட்கம்.

"வீட்ட டியூப் ஏத்தினவங்களா?"

ஓம். மச்சான் தானே பற்றீரியா மருந்து டியூபை வாங்கிக் காம்புக்குள் ஏற்றுகிறார். ஒன்று கேட்காவிட்டால் இன்னொன்று. அந்த மருந்துக்கு ஈஸ்ட் சாகாதாம். மற்றக் கிருமிகள் செத்த இடத்தில் இன்னும் பெருகுமாம். டியூபை விட்டுவிட்டு, அடிக்கடி பீச்சிக் கொட்டினால் அநேகமாகத் தானே மாறுமாம்.

பாலைக் குடிக்கலாமா? கேட்க வாய் வரவில்லை.

வாங்க: வெங்காயம், சவர்க்காரம், உம்மாவின் போனுக்கு ரீலோட்.

ஜூலை 9, புதன்

கேட்டுவிட்டேன்.

"காய்ச்சினா ஈஸ்ட் செத்திரும். பச்சையாக் குடிச்சாலும் சுகமான ஆளுக்கு அநேகமா ஒண்டும் வராது. வருத்தக்காரர் எண்டாத்தான் பயம். யாரு குடிக்கிற?"

"ஒருத்தருமில்ல மேடம்."

ஏன் அப்படிச் சொன்னேன்?

வாப்பா குடிக்கிறார். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுகிற உடம்பு. ஒவ்வொரு நாளும் விடியற்காலை சுபஹு தொழுத கையோடு மச்சான் சிவப்பியில் கறந்து, காய்ச்சாமல் நுரையோடு ஒரு கோப்பை கொண்டுவந்து நீட்டுவார். பலம் வருமாம். அரசாங்க வேலையை விட்டு மாடு வாங்கினார் என்று வாப்பா அவரோடு இரண்டு வருடம் கதைக்கவில்லை. ஒரே வீட்டுக்குள். அந்தக் கோப்பைக்குப் பிறகுதான் "வாங்க மருமகன்" என்ற சொல் வந்தது.

நான் மச்சானோடு நேரே கதைப்பதில்லை, பெண்பிள்ளைக்கு அது வழக்கமில்லை. "சாப்பாடு வச்சிரிக்கி" என்பதோடு சரி. ராத்தாவிடம் சொல்லி அனுப்பினேன். போய்வந்து ஒரே சிரிப்பு.

"பாணுக்குப் போடுற ஈஸ்ட்டத்தானே ஊரே திங்கிதாம். வீங்கின காம்புப் பால அவர் கொட்டுறாராம். மத்த மூணும் நல்லமாம். கெம்பஸ் போனா எல்லாத்திலயும் பூச்சி தெரியுமா எண்டு கேக்கச் சொன்னாருகா."

பாண் ஈஸ்ட் வேறு வகை. ஆனால் மற்ற மூன்று காம்பு? அதே கைதானே, அதே வாளி. நல்லதாகவும் இருக்கலாம். படித்த நோட்ஸைப் புரட்டினேன். எங்கும் "இருக்கலாம்", "கூடும்".

ஜூலை 10, வியாழன்

வாப்பாவோடு கிளினிக். வெயில், சனம், கதிரை இல்லை. வெண்குருதிக்கலம் குறைவு. மருந்து ஏற்றுவது அடுத்த கிழமைக்குத் தள்ளிப்போனது. சின்னக் கிருமி போனாலும் இப்போது தாங்க மாட்டார் என்றார் டொக்டர்.

"காய்ச்சாத பால், அவியாத முட்டை, அப்படி ஏதும் எடுக்கிறீங்களா?"

"இல்ல டொக்டர்," என்றார் வாப்பா. கண் இமைக்கவில்லை.

"பச்சப்பால் குடிக்கிறவர்." என் குரல்தான். டொக்டருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தரம் சொல்ல வேண்டி வந்தது.

எந்த மாட்டுப் பாலும் காய்ச்சாமல் கூடாது என்றார்.

ஓட்டோவில் வாப்பா கடல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குக் கிட்ட வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"இப்பதான் அவன் ஒண்டு நீட்டுறான். அத வேணாமெண்டு நான் எந்த வாயால செல்ற?"

நான் செய்தது சரியா? இன்னும் ஒன்றுமே நடக்கவில்லையே. நடந்த பிறகு சொல்வதா?

ஜூலை 11, வெள்ளி

சுபஹுக்குப் பிறகு மாட்டுக் கொட்டிலுக்குப் போனேன். சால்வையை இரண்டு தரம் சரிசெய்தேன். மச்சான் சிவப்பியின் காலைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மச்சான்."

அவர் திடுக்கிட்டு எழும்பினார். நான் வாளியைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். டியூபை நிறுத்துங்க. மேடம் வந்து பாப்பாங்க. சிவப்பிட பால் வாப்பாக்கு வேணாம், மருந்தும் கலந்திரிக்கும். மத்த மாடு கறுப்பிட பாலக் காய்ச்சிக் குடுங்க. டொக்டர் சொன்னவர்.

அவர் கட்டின கயிற்றை அவிழ்த்துவிட்டார். கன்று கத்தியது.

"காய்ச்சிற எண்டா குசினி வேல, உங்கட ராத்தாவே குடுத்திருவா. அப்ப நான் எதுக்கு?"

நான் வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

இன்று கோப்பை வரவில்லை. வாப்பா வாசலைப் பார்த்தபடி பால் இல்லாத பிளேன்ரீ குடித்தார்.

ஜூலை 12, சனி

தீய்ந்த மணத்துக்கு எழும்பினேன். குசினியில் மச்சான். சாரனை மடித்துக் கட்டி, அடுப்பெல்லாம் கறுப்பியின் பால் பொங்கி வழிய, கரண்டியும் கையுமாக. உம்மா உள்ளே போகப் பார்த்தார். ராத்தா கையைப் பிடித்து நிறுத்தினாள். "விடுங்க உம்மா. ஒருத்தரையும் வரவேணாமாம்."

அவரே வாப்பாவிடம் கொண்டுபோய் நீட்டினார்.

"என்ன மருமகன், கருகின மணமொண்டு?"

"நான்தான் காய்ச்சின மாமா. கொஞ்சம் அடிபுடிச்சிட்டு."

வாப்பா ஒரு வாய் குடித்தார். முகம் கோணிப்போயிற்று. இன்னொரு வாய். பிறகு கோப்பையை அவரிடமே நீட்டினார்.

"நீங்களும் குடிச்சிப் பாருங்க. அப்பதான் எண்ட நெலம தெரியும்."

மச்சான் குடித்தார். இருமினாரா, சிரித்தாரா, நான் நின்ற இடத்துக்குத் தெரியவில்லை.