ஃபயர்மேன் அப்பாவும் செம்பு பாய்லரும்

5.12.82, ஞாயிறு

பனி. கிணற்றடிகூடத் தெரியவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு வார ஓய்வு. துவைக்க மலைபோல் துணி.

ஜோலார்பேட்டையிலிருந்து அப்பா வந்தார். ஒரு பை, ஒரு குடை. "ஒரு வாரம்தான் இருப்பேன்." செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டார். அம்மா போய் ஒரு வருஷம். தானே பொங்கித் தானே சாப்பிடுகிறார். கன்னம் ஒட்டிவிட்டது. இங்கேயே இருங்கள் என்று எத்தனை முறை சொல்வது?

குளிக்க வெந்நீர் போட்டேன். வழக்கம்போல் வீடெல்லாம் புகை. என் வீட்டுக்காரர் வரைந்துகொண்டிருந்த தாளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். பட்டுச்சேலைக்கு பார்டர் டிசைன் வரைகிற வேலை. அன்னப்பட்சிமேல் கரி விழுந்தால் முதலாளி சும்மா விடமாட்டார்.

அப்பா குனிந்து பாய்லரைப் பார்த்தார். வந்ததிலிருந்து முதல் தடவையாக முகத்தில் கொஞ்சம் உயிர்.

"இன்னா ஜெயா, கொழாய எப்ப தொடச்ச?"

"எந்தக் கொழாய்ப்பா?"

"நடுவுல போவுது பாரு, நெருப்புக் கொழாய். நெருப்பு உள்ள, தண்ணி சுத்தி. என்ஜின்லயும் இதான் விஷயம். இத்த அடைச்சி வெச்சிகினு புகை வருதுன்றியே."

நீராவி என்ஜினில் ஃபயர்மேனாக இருந்து ரிடையர் ஆனவர். அவரிடம் போய் வெந்நீர் போட்டுக் காட்டினேன்!

6.12, திங்கள்

வேலையிலிருந்து வந்தால் பின்கட்டில் அப்பா, முகமெல்லாம் கரி. நீளக் கம்பியில் தேங்காய் நார் சுற்றி, குழாயைக் குடைந்து ஒரு முறம் புகைக்கரி எடுத்திருக்கிறார். அடியில் கொட்டாங்கச்சி தாங்குகிற சல்லடைக் கம்பியும் இற்றுப்போய்விட்டதாம். புதிதாக வாங்கிப் போட்டிருக்கிறார்.

பற்ற வைத்தார். புகையே இல்லை! தண்ணீர் சட்டென்று காய்ந்தது. கொட்டாங்கச்சியும் பாதிதான் செலவு.

இரவு இரண்டு முறை ரசம் கேட்டு வாங்கினார்.

8.12, புதன்

மழைத் தூறல். எக்ஸ்சேஞ்சில் லைன் இணைக்கும்போது ஒரு சேலைக் கடைக்காரர் கத்துவது காதில் விழுந்தது: "மாம்பழக் கலர்னா பழுத்த மாம்பழம்யா! காய் கலர்ல அனுப்பிக்கிற!" கல்யாணச் சீசன்.

பாய்லரில் தண்ணீர் திறக்கும் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. பழைய செருப்புத் தோலை வட்டமாக வெட்டி, வாஷர் போட்டு நிறுத்திவிட்டார் அப்பா. இப்போது வீட்டில் ரயில்வே சட்டம். ராத்திரியே பாய்லரை நிரப்பி வைப்பது அவர் பொறுப்பு. "மொத வண்டி மாப்ள. ரெண்டாவது ஜெயா. லேட்டா வந்தா பச்சத் தண்ணி." இவரும் பயந்துகொண்டு சீக்கிரம் எழுந்துவிடுகிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னால் முடியாத காரியம்.

எதிர் வீட்டு கமலா டீச்சர் வந்தார். "ஐயா, எங்க பாய்லரும் புகையா கக்குதுங்க. ஒருவாட்டி வந்து பாக்கறீங்களா?" அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். சனிக்கிழமை வருவதாக வாக்கு.

சாப்பிடும்போது அப்பா இவரிடம் சொன்னார்: "ஊர்த் தண்ணி உப்பு மாப்ள. உள்ளாற ஓடு கட்டிக்கினுக்குது. புளித்தண்ணி ஊத்தி ஊற வெச்சாதான் போவும்." இவர் ரொம்ப அக்கறையாகத் தலையாட்டினார்.

10.12, வெள்ளி

கெட்ட நாள்.

விடியற்காலை முதல் பஸ்ஸில் இவர் காஞ்சிபுரம் போய்விட்டார். முதலாளி அவசரமாக அனுப்பினார். நான் காபி போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா பாய்லரைப் பற்ற வைத்தார். கொஞ்ச நேரத்தில் படபடவென்று சத்தம், சுட்ட உலோக வாடை. ஓடினேன். பாய்லர் இணைப்பில் வைத்திருந்த ஈயம் உருகி, சாம்பல் தட்டில் வெள்ளி மணி மாதிரி சொட்டிக் கிடந்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

வாளியைத் தூக்கினேன். "ஊத்தாத! செம்பு வெடிச்சிக்கும்!" என்று கத்தி, இடுக்கியால் நெருப்பை வெளியே வாரிப் போட்டார்.

பிறகு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ராத்திரி நான் நெறச்சேனே... நெறச்சனா ஜெயா?"

நேற்று எனக்கு மாலை ஷிப்ட். வரும்போது அவர் தூங்கிவிட்டார். பார்க்கவில்லை. அதையே சொன்னேன்.

"தண்ணி இருக்கிற வரிக்கும் ஈயம் உருகாது. சின்னப் புள்ளைக்கும் தெரியும். நெருப்பு வெக்கிறதுக்கு முன்ன தண்ணி நெறைக்கணும், அதான் என் பொழப்பே. அதயே மறந்துட்டேன்னா... மூள போச்சும்மா."

"ஒரு நாள் மறந்தா இன்னாப்பா?"

"இன்னிக்கு பாய்லரு. நாளைக்கு வூட்டுக்கு வழி மறக்கும். அந்தப் பேஜாரு உனக்கு வாணாம்."

பகல் சாப்பாடு வேண்டாம் என்றார். பையில் வேட்டியை மடித்து வைத்தார். டீச்சர் வீட்டுக்கு வரவில்லை என்று சொல்லிவிடச் சொன்னார். வேலையில் இரண்டு லைனை மாற்றிக் கொடுத்துத் திட்டு வாங்கினேன்.

11.12, சனி

"இத்த சரி பண்ணிட்டுப் போங்க. பாதில உட்டுட்டுப் போவீங்களா?" இது ஒன்றுதான் வேலை செய்தது. சைக்கிள் கேரியரில் பாய்லரைக் கட்டி, பஜாரில் ஓட்டைப் பாத்திரத்துக்கு ஈயப் பற்று வைக்கிற காதர் பாய் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம்.

பாய் உள்ளே டார்ச் அடித்தார். "தண்ணி இல்லாம எரிச்சிட்டீங்களா?"

"நான்தான் பாய்," என்றார் அப்பா. மெல்லிய குரல்.

"அட, உடுங்க. குளுரு வந்தா தெனம் ஒண்ணு வருது. ஜல்தி ஜல்தின்னு பத்த வெச்சிடறாங்கோ."

அப்பாவுக்கு ஆறுதலாக இல்லை. பாய் நெருப்புக் குழாயின் அடி இணைப்பைச் சுரண்டி, புதிதாக ஈயம் பற்றவைத்தார். விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, வெளியே நன்றாகத் துடைத்து, பழைய பேப்பர்மேல் நிறுத்தினார். ரொம்ப நேரம் மூவரும் பேப்பரையே பார்த்தோம். ஈரமில்லை.

சாயங்காலம் அப்பா பையோடு கூடத்தில். நாளை காலை பஸ். அப்போது இவர் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார், கையில் ஒரு பொட்டலம்.

"மாமா! பாய்லரப் பத்த வெச்சிடாதீங்க, தண்ணி இல்ல! புளி வாங்கியாந்துட்டேன்!"

அப்பா பையைக் கீழே வைத்தார்.

"எப்ப தொறந்து உட்டீங்க மாப்ள?"

"வியாழக்கெழம ராத்திரி. நீங்க தூங்கினப்பறம். உப்பு ஓட்ட எடுத்து வெச்சி, காலையில உங்களுக்குக் காட்டலாம்னு. தொறந்து உட்டப்பறம் பாத்தா வூட்ல புளி இல்ல. அதுக்குள்ள முதலாளி ஆள் வந்து காஞ்சிபுரம் போவணும்னுட்டான். அந்த அவசரத்துல..."

"அப்ப நான் நெறச்சிருந்தேன்?"

"தளும்பத் தளும்ப இருந்துச்சே மாமா!"

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். இவருக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், புளியை நீட்டியபடியே நின்றார். நான் இவரைப் பிடிபிடி என்று பிடித்தேன். சொல்லிவிட்டுப் போக வாய் இல்லையா? ஒரு மனுஷன் ரெண்டு நாளாக...

"திட்டாத ஜெயா," என்றார் அப்பா. "காணாப் போன என் மூளயக் கொண்டாந்து குடுத்துக்கிறாரு."

12.12, ஞாயிறு

நல்ல வெயில். காலை பஸ்ஸைப் பற்றி யாரும் பேசவில்லை.

புளித்தண்ணீர் வைத்தியம். பாய்லருக்குள்ளிருந்து அப்பளம் அப்பளமாக உப்பு ஓடு. இவர் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து, "இதுல நல்ல கொடி டிசைன் கீது" என்றார். திருந்தமாட்டார். புதுச் சட்டம்: தண்ணீரைத் திறந்துவிட்டவர் குழாயில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். துணி இருந்தால் தீக்குச்சி உரசக் கூடாது.

கமலா டீச்சர் வீட்டுக்கு அப்பா ஒரு நாள் லேட்டாகப் போனார். திரும்பும்போது தலையெல்லாம் கரி, கையில் ஒரு கிண்ணம் கேசரி.

14.12, செவ்வாய்

சேலைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் தீர்ந்தது.

அப்பா காலையிலிருந்து பின்கட்டில் நடக்கிறார், நிற்கிறார், வானத்தைப் பார்க்கிறார்.

"இந்தப் பக்கம் வெயிலு எம்மாந்நேரம் அடிக்கும் ஜெயா?"

"மத்தியானம் வரிக்கும். எதுக்குப்பா?"

காலால் மண்ணைக் கிளறிப் பார்த்தார். "உங்கம்மா வெச்ச மல்லிச்செடி ஒண்ணு ஜோலார்பேட்டையில கீது. வூட்ட காலி பண்ணா, அத்த மட்டும் உட்டுட்டு வர முடியாதில்ல."

குழி தோண்ட நம் வீட்டில் கடப்பாரை இல்லை. டீச்சர் வீட்டில் கேட்க வேண்டும்.