மங்கலாக வரவேண்டிய ஷாஃப்ட்

வியாழன், ஆடி மாதம், 1983

நிக்கல் தொட்டியில் சாணைக்கல் தூளை நான் வேண்டுமென்றேதான் கலந்திருந்தேன். முலாமோடு தூளும் சேர்ந்து படிந்தால் ஷாஃப்ட் சீக்கிரம் தேயாது. மலைமேல் ஜமுனாமரத்தூரில் சாமை மில் வைத்திருக்கும் பெருமாளுக்காக இந்த முயற்சி. அவர் மெஷினில் எந்த ஷாஃப்டும் அதிக நாள் தாங்குவதே இல்லை.

இன்று ஆலங்காயம் பட்டறைக்கு நான் திரும்பியபோது, மைத்துனன் அந்தோணி ஷாஃப்டைத் துடைத்து நீட்டினான்.

“தொட்டி அடியில ஒரே மண்ணு மாமா. துணியில வடிகட்டிட்டுத்தான் முலாம் போட்டேன். பாருங்க, மொகம் தெரியுது.”

தூள் சேர்ந்திருந்தால் சாம்பல் நிறத்தில் மங்கலாக வந்திருக்கும். இதில் என் மீசைகூடத் தெரிந்தது. தொட்டியில் தூசி விழுந்தால் இத்தனை வருடமாகக் கத்துகிறவன் நான்தான். அவனை என்ன சொல்ல?

“இன்னா மாமா, புடிக்கலியா?”

“நல்லா இருக்குதுடா.”

நாளை பெருமாள் வருகிறார். இந்தப் பளபளப்பைப் பார்த்தால் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு மலையேறிவிடுவார். நான் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியாது. அந்த நினைப்பு கொஞ்ச நேரம் இருந்தது.

கொடுக்கப்போவதில்லை. இன்னும் ஒரு வாரம் பொறுக்கச் சொல்ல வேண்டும். தூள் அந்த வடிகட்டின துணியிலேயே இருக்கும். அந்தோணி சுத்தக்காரன். துவைத்துப் போடாமல் இருந்தால் சரி.