சத்தியமாக நான் நக்கவில்லை

மார்ச் 3, செவ்வாய்
காலையில் வீட்டில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தேன்: 121. தங்கமான எண். மதியச் சாப்பாட்டுக்கு முன் பேக்கரியில் குத்தினேன்: 318. நடுவில் உள்ளே போனது தண்ணீரும் முதலாளியின் திட்டும்தான். திட்டிலும் சர்க்கரை இருக்குமா என்ன?

மார்ச் 5, வியாழன்
டாக்டர் மீட்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.
"கேக்குல பூ வைக்கிற வேலைதானே? மறைக்காம சொல்லுங்க, அப்பப்ப கொஞ்சம் வாயில போடுறீங்களா?"
இல்லை என்றேன்.
"அவர் அப்படித்தான் சொல்வாரு டாக்டர்" என்றாள் மனைவி. கட்டியவளே எதிர்த்தரப்பு சாட்சி! டாக்டர் மதிய இன்சுலினைக் கூட்டிவிட்டார்.

மார்ச் 9, திங்கள்
மதியம் 340. கூட்டிய அளவைப் போட்டுக்கொண்டேன். மூன்று மணிக்குக் கை வெடவெடவென்று நடுங்கியது, குப்பென்று வியர்த்தது. கல்யாண கேக்கில் நான் வைத்த ரோஜா முட்டைக்கோஸாக உட்கார்ந்திருந்தது. சர்க்கரை தடாலென்று இறங்கியிருக்கிறது. குளுக்கோஸைக் கரைத்துக் குடித்துவிட்டு மாவு மூட்டைமேல் சாய்ந்தேன். முதலாளி எட்டிப் பார்த்தார்.
"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, ரொட்டி கட்டுற பக்கம் போயிடுங்க."
வயசெல்லாம் பூ வைத்த கை இது. ரொட்டிக்குக் காகிதம் சுத்தவா? — அழுகையாக வந்தது. அழுதேன்.

மார்ச் 10
வீட்டில் போர். வேலையை விடச் சொல்கிறாள் மனைவி.
"நக்கலைம்மா, சத்தியமா நக்கலை."
"அப்போ சர்க்கரை எங்கேருந்து வருது?"
எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. தெரியாமல் நக்குகிறேனோ?

மார்ச் 12
ஏறியது, இறங்கியது. போ, நான் எழுதவில்லை.

மார்ச் 14, சனி
என்னைக் கையும் களவுமாகப் பிடிக்க மனைவி கிளம்பி வந்துவிட்டாள். கேக் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என் வாயையே பார்த்தாள். கொட்டாவி விடக்கூடப் பயமாக இருந்தது. சும்மா இருக்கப் பிடிக்காமல் ஐசிங் சர்க்கரையை வேறு சலித்துக் கொடுத்தாள். மதியம்வரை என் வாய்க்குள் ஒன்றும் போகவில்லை. வழக்கம்போல் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு குத்தினேன். 329.
அவள் முகம் போன போக்கு! "மெஷின்தான் கெட்டுப்போச்சு. எனக்குப் பாருங்க."
புது ஊசி மாற்றி அவள் விரலில் குத்தினேன். 296.
"ஐயையோ, எனக்கும் வந்துடுச்சே!" ஒரே ஒப்பாரி. முதலாளி ஓடி வந்து, முகத்தைக் கழுவிக்கொள்ளும்படி அனுப்பினார். சோப்புப் போட்டு முகமும் கையும் கழுவி வந்தவள் மறுபடியும் விரலை நீட்டினாள். 94.
அவள் என் ஏப்ரனைப் பார்த்தாள். நான் அவள் கையைப் பார்த்தேன். நானும் ஓடிப்போய்க் கழுவினேன். 133.
அட மடையா! இத்தனை நாளும் அளந்தது விரலில் ஒட்டிய ஐசிங் சர்க்கரையை. இல்லாத சர்க்கரைக்கு ஊசி போட்டு, இருந்ததையும் இறக்கியிருக்கிறேன்.

மார்ச் 16, திங்கள்
டாக்டர் சிரித்துவிட்டு மருந்தைக் குறைத்தார். "அவர் பொய் சொல்ல மாட்டாரு டாக்டர்" என்றாள் மனைவி. கூச்சமே இல்லாமல்!

மார்ச் 27, வெள்ளி
இரண்டு வாரமாகக் கை நடுங்கவில்லை. ரோஜாக்கள் ரோஜாவாகவே வருகின்றன. அந்தத் தெம்பில் இன்று பாத்திரத்தில் மிஞ்சிய கிரீமை ஒரு கரண்டி. சரி, இரண்டு.
சாயங்காலம் வீட்டில் 271.
"கையைச் சரியா கழுவலையா? கழுவிட்டு வாங்க" என்றாள். துளிச் சந்தேகம் இல்லை அந்தக் குரலில். முழங்கைவரை தேய்த்துக் கழுவினேன். 274.
"சோப்பு சரியில்ல போல." புதுச் சோப்பைத் தேடிப் போனாள்.
எனக்குத் தாங்கவில்லை. "நில்லும்மா. சாப்பிட்டேன்."
"எவ்வளவு?"
"ரெண்டு கரண்டி. கிரீம்."
வாசலுக்குப் போய்ச் செருப்பை எடுத்தாள். நான் இரண்டு கையாலும் தலையை மறைத்துக்கொண்டேன். என் காலடியில் போட்டாள்.
"மாட்டுங்க. நடந்துட்டு வரலாம்."
தெரு முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள். என் கையை மட்டும் விடவில்லை.