முதலில் குறித்த விடை

ஜனவரி 12

மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். பெரியவளுக்கு முன்பல் விழுந்தது. சின்னவன் அதை விழுங்கப் பார்த்தான், வாயில் விரல் விட்டுப் பிடுங்கினேன்.

போனில் சொல்லலாம்தான். ஆனால் உன் புருஷன் போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறான். நீயும் குறுக்கே பேசுவாய். கல்யாணமான புதிதில், நான் பேசிக்கொண்டிருக்கும்போதே "அது எனக்குத் தெரியும் அத்தை" என்று எழுந்து போனாயே, பச்சைப் புடவை கட்டியிருந்தாய். நான் எதையும் மறப்பதில்லை. காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

நுழைவுத் தேர்வில் நீ எழுதிய லட்சணம் தெரிந்தது. அறுபத்தொன்று என்றால் நூறு பேரில் அறுபத்தொரு பேரைப் பின்னால் தள்ளியிருக்கிறாய் என்று மகன் விளக்கினான். அத்தனை பேரைத் தள்ளியவளுக்கு என்ன துக்கம் என்று கேட்டேன். மேனேஜ்மென்ட் கல்லூரிக்குத் தொண்ணூறுக்கு மேல் வேண்டுமாம். "ஆசைக்கு எழுதிப் பாத்துட்டாம்மா, போதும். வேலையில மாத்தல் வாங்கிட்டு நம்ம ஊருக்கே வரச் சொல்லிட்டேன்" என்கிறான்.

என் தங்கை போன் செய்தாள். துக்கம் விசாரிக்கிற குரல். "பாவம்க்கா, ரெண்டு பிள்ளை பெத்தவளுக்கு எதுக்கு இதெல்லாம்?" அவள் மகனுக்கு அதே படிப்பில் இடம் கிடைத்தபோது தெரு முழுக்க இனிப்பு கொடுத்துவிட்டு நமக்கு மட்டும் நசுங்கின பெட்டியை அனுப்பியவள் அவள். "என் மருமக திரும்ப எழுதப் போறா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

சொல்லியாகிவிட்டது. அதனால் நீ எழுதித்தான் ஆக வேண்டும். பாசம் பொங்கி எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன் அத்தை


ஜனவரி 24

அன்புள்ள அத்தைக்கு,

நமஸ்காரம். விழுந்த பல்லைப் பத்திரமாக வையுங்கள், நான் பார்க்க வேண்டும்.

மாற்றல் விண்ணப்பத்தை அவரே எழுதி அனுப்பிவிட்டார். கையெழுத்து மட்டும் போட்டால் போதுமாம். விடுதி அறையில் என் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் மேசையில் அது கிடக்கிறது. அலுவலகத்தில் நான் வேலை கற்றுக்கொடுத்த பையன் இந்த மாதம் எனக்கு மேலாளராகிவிட்டான். "மேடம், இந்தக் கணக்கு எப்படிப் போடணும்?" என்று இன்னமும் என்னிடம்தான் வந்து நிற்கிறான். அந்தப் பட்டம் இல்லாமல் நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பயிற்சி வகுப்பு ஆசிரியர் என் மாதிரித் தேர்வுகளை எல்லாம் அலசினார். எனக்குத் தெரியாதது அதில் குறைவுதான் அத்தை. முதலில் குறிக்கிற விடை பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. பிறகு திரும்பிப்போய் அதை மாற்றிவிடுகிறேன். மாற்றியதெல்லாம் தப்பு. இப்படித் திரும்பித் திரும்பிப் போனதில் கடைசிக் கேள்விகளைத் தொடவே நேரமில்லை. "யாரும்மா உங்களை இப்படி மிரட்டி வெச்சிருக்கா?" என்று ஆசிரியர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோபப்படாதீர்கள். இல்லை, படுங்கள். ஒவ்வொரு விடையையும் குறித்தவுடன் உங்கள் குரல்தான் கேட்கிறது. "நல்லாப் பாத்தியா? இன்னொரு தடவை பாரு." எட்டு வருஷமாக அடுப்புக்கும் கதவுக்கும் பாலுக்கும் கேட்ட குரல்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


பிப்ரவரி 2

மருமகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூலையில் எறிந்தேன். பிறகு எடுத்து மறுபடி படித்தேன். எறிந்தது சரிதான் என்று தோன்றியது.

பெரியவள் தொட்டிலில் கிடந்தபோது நீ கேஸைத் திறந்தபடி விட்டுவிட்டு வேலைக்குப் போனாய். அதனால்தான் இன்னொரு தடவை பார் என்றேன். இன்றைக்கும் சொல்வேன். மன்னிப்புக் கேட்பேன் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்காதே.

ஆனால் எனக்கு ஒன்று விளங்கவில்லை. குழந்தைக்குக் குல்லா போடு என்றேன், போட்டாயா? தலைக்குக் குளித்த ஈரத்தோடு வெளியே போகாதே என்றேன், கேட்டாயா? எட்டு வருஷமாக என் பேச்சு ஒன்றைக்கூடக் கேட்காதவள், கேட்கக் கூடாத இடத்தில் போய்க் கேட்டிருக்கிறாய். பரீட்சை மண்டபத்துக்கு என்னை யார் கூப்பிட்டது? அங்கே எனக்கு நாற்காலி போட்டிருக்கிறார்களா? குறித்தால் குறித்ததுதான். தப்பாகப் போனாலும் உன் தப்பாகப் போகட்டும், என் தலையில் கட்டாதே.

மாற்றல் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இந்த வீட்டுக்கு வந்தால் நான் உன்னோடு பேசமாட்டேன். பேரன் பேத்தி எடுத்த பிறகும் என் அண்ணியோடு நான் பேசியதில்லை. எனக்கு அது கஷ்டமே இல்லை.

உன் அத்தை


ஜூன் 18

அன்புள்ள அத்தைக்கு,

மாற்றல் விண்ணப்பத்தைக் கிழித்து வெகுநாளாயிற்று. அதன்பின் மாதிரித் தேர்வுகளைக் கணினியில் எழுதாமல் காகிதத்தில் பேனாவால் எழுதிப் பழகினேன். அழிக்க முடியாதபோது கை திரும்பிப் போவதில்லை.

தேர்வன்று, பாதியில் உங்கள் குரல் வந்தேவிட்டது. "அத்தை, இது அடுப்படி இல்ல" என்றேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்துக் கணினியில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அதன்பிறகு கடைசிக் கேள்வி வரைக்கும் யாரும் வரவில்லை.

தொண்ணூற்று மூன்று, அத்தை. நேர்முகத் தேர்வும் முடிந்து இடம் கிடைத்துவிட்டது. இதே ஊரில், இரண்டு வருஷம்.

அவரிடம் சொன்னேன். "மார்க்கு வாங்கிக் காட்டிட்ட இல்ல, அதோட விடு. பிள்ளைங்களை யாரு பாக்கறது? அம்மாவுக்கு இனிமே முடியாது" என்றார். மறுநாளுக்குள் கல்லூரிக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சேருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவரைக் கேட்கவில்லை. உங்களையும் கேட்கவில்லை. திட்டுவதானால் திட்டுங்கள், மாற்றமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


ஜூன் 29

மருமகளுக்கு,

என்னைக் கேட்காமல் செய்தாய். இதையும் மற்றதோடு சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

அம்மாவுக்கு முடியாது என்று சொல்ல இவன் யார்? கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"பிள்ளைங்களை யாரு பாக்கறதுன்னு கேட்டியாமே? நீ பாரு."

"எனக்கு ஆபீஸ் இருக்கும்மா."

"அவளுக்கும்தான் இருந்தது."

தங்கைக்கும் போன் போட்டுத் தொண்ணூற்று மூன்று என்று சொன்னேன். அடுப்பில் பால் இருக்கிறது என்று இந்தத் தடவை அவள் போனை வைத்தாள். நன்றாக இருந்தது.

திங்கட்கிழமையிலிருந்து காலை வேலை எல்லாம் அவனுடையது. முதல் நாள் சோற்றை அடிபிடிக்க விட்டான். மறுநாள் பெரியவளின் தண்ணீர் பாட்டிலைச் சரியாக மூடாமல் பைக்குள் வைத்தான், நோட்டெல்லாம் ஊறிப்போயிற்று. நான் நாற்காலியில்தான் இருந்தேன். "பாத்துக்கிட்டேதானே இருந்தீங்க, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று என்மேல் பாய்ந்தான்.

"எட்டு வருஷம் நீ அப்படித்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தே" என்றேன்.

நோட்டுகளை ஒவ்வொன்றாக விரித்து ஃபேனுக்குக் கீழே காயவைத்தான். என்னால் முடியாத நாள் வந்தால் சொல்வேன். அதுவரை வேறு யாரும் சொல்ல வேண்டாம். இவ்வளவு நாள் உனக்கு மாமியாராக இருந்தேன், இனி இரண்டு வருஷம் இவனுக்கு இருக்கிறேன்.

லீவு கிடைத்தால் பிள்ளைகளை வந்து பார். ஆனால் வேலை செய்கிறேன் என்று உள்ளே வராதே. அடுப்படியில் இடமில்லை, அவன் நிற்கிறான்.

உன் அத்தை