தகட்டில் வெட்டாத மச்சம்

லண்டன், மார்ச் 1826

அன்புள்ள தாம்சின்,

உன் இருமல் தணிந்ததா? நான் நலம். கம்பளிக் காலுறை மட்டும் அனுப்பு.

பைபிளுக்கான படமாக, எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட தரிசனத்தைச் செம்புத் தகட்டில் செதுக்குகிறோம். உலர்ந்த எலும்புகள் உயிர்பெற்று எழும் கூட்டத்தில் ஒருத்திக்கு உன் முகத்தை வைத்தேன். சோதனை அச்சைப் பார்த்த முதலாளி குரோதர் சிரித்தார்.

"யாருய்யா இவ? செத்துப் பொழச்சவ மாதிரியா இருக்கா? புருஷன் வீடு திரும்பின மாதிரில்ல சிரிக்கிறா."

"என் பெண்டாட்டிங்க. கன்னத்துல மச்சம் ஒண்ணு பாக்கி."

"தகட்டுல இடது பக்கம் வெட்டினா தாள்ல வலது பக்கம் விழும், பாத்துக்க."

அது எனக்குத் தெரியும். எந்தக் கன்னம் என்பதுதான் நினைவில்லை. எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றியே பார்க்கிற தொழில் என்று என்னையே சமாதானம் செய்து பார்த்தேன். உன்னிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

தபால் வண்டி கிளம்புகிறது. எந்தக் கன்னம் என்று எழுது. திட்டி எழுதினாலும் சரி.

உன் ஜோரி