மணல் தின்னாத சக்கரம்

786

கடலூர் ஓ.டி.,
14-9-67

அன்பு மகன் கிபாயத்துல்லாவுக்கு உம்மா சலாம் கூறி எழுதுவது. அல்லாஹ்வின் காவலில் நானும் உன் தங்கை ரசியாவும் சுகம், அதே காவலில் பினாங்கில் நீ சுகமாயிருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். ரசியாவுக்கு மழைக்கு வரும் இருமல் இந்த வருஷமும் வந்து போனது. உன் கடிதமும், பட்டறையை விற்க என் கையெழுத்துக் கேட்டு நீ அனுப்பிய பத்திரமும் கிடைத்தன. வார்ப்பட வேலை பொம்பளைக்கு ஆகாது, அலுமினியத்தில் கல்பொடி கலப்பது பைத்தியக்காரத்தனம், என்ஜினியரிங் படித்தவன் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். எனக்குக் கோபம்தான் வந்தது மகனே. இதை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் பேசு.

உன் வாப்பா மவுத்தாகும் வரை இந்த யோசனையோடுதான் இருந்தார். வெள்ளாற்றுத் தண்ணீரில் மணல் ஜாஸ்தி, பம்புக்குள் சுற்றும் அலுமினியச் சக்கரம் இரண்டு மாதத்தில் தேய்ந்துவிடுகிறது, சாணைக்கல் பொடி கலந்து வார்த்தால் மணலுக்கு ஈடு கொடுக்கும் என்பார். ஆனால் எத்தனை முறை போட்டாலும் பொடி உள்ளே சேராமல் மேலேயே மிதக்கும், வழித்து எறிவார். சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை உருக்கும் மூசைச் சட்டியில் அலுமினியம் உருகி நிற்கும்போது ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். நம் வேலையாள் ரஃபியுதீன், நெருப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று துருத்தியை என்னிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனான். நானோ லுஹர் தொழுது, உன் வாப்பாவுக்காக யாசீன் ஓத உட்கார்ந்து நேரத்தை மறந்துவிட்டேன். வந்து பார்த்தால் நெருப்பு அடங்கி, மூசையில் உள்ளது களியாக இறுகிக் கிடக்கிறது. தப்பு என்னுடையதுதான். சமையலில் மாவை வறுக்காமல் போட்டால் கட்டி தட்டுமே, இதுவும் அப்படித்தானோ என்று, வாப்பா விட்டுப்போன பொடியைக் காலையிலேயே உலையோரம் தட்டில் சுட வைத்திருந்தேன். ஆனது ஆகட்டும் என்று அதைக் களியில் கொட்டி, கை ஓயும் வரை இரும்புக் கரண்டியால் கிண்டினேன். பொடி மேலே வரவே இல்லை. ரஃபியுதீன் வந்து துருத்தி போட்டு மறுபடி இளக்கினான், அச்சில் ஊற்றினோம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சிதம்பரத்தில் ஒரு சோதனைக்கூடத்தில் துண்டு கொடுத்தேன். இழுத்தால் வெறும் அலுமினியத்தைவிடச் சீக்கிரம் உடைகிறது, வளையவும் மாட்டேன் என்கிறது என்று அங்கிருந்தவர் கையை விரித்தார். நீயும் அதையேதான் சொல்வாய். பம்பு சக்கரத்தை யார் இழுக்கப் போகிறார்கள், தேய்த்துப் பாருங்கள் என்றேன். அதற்குத் தங்களிடம் மெஷின் இல்லை என்றார். எங்களிடம் வெள்ளாறு இருக்கிறது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். முதல் சக்கரம் மாட்டும்போதே விரிசல் விட்டது, அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. தண்டு நுழையும் இடத்தைத் தடிமனாக்கி இன்னொன்று வார்த்தோம். சேத்தியாத்தோப்பு விவசாயி உத்திராபதி, இது தேய்ந்தால் உங்கள் பட்டறைக்கு நானே பூட்டு வாங்கி வருகிறேன் என்று சிரித்துக்கொண்டுதான் வைகாசியில் மாட்டினார். போன வாரம் அவரே வந்து நின்றார். "மூணு மாசத்துக்கு மேல ஓடிடுச்சிம்மா, வார்த்த அன்னிக்கி இருந்த மாதிரியே இருக்குது. இன்னும் நாலு பேரு கேக்குறாங்க" என்றார். பூட்டு எங்கே என்று கேட்டேன்.

பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. இதே கலவைத் துண்டு ஒன்றை அந்தப் பத்திரத்திலேயே சுற்றித் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நீ கப்பலேறும்போது வாப்பா கொடுத்த அரம் உன்னிடம் இருக்குமே, அதால் இதை ராவிப் பார். அரம் துண்டைத் தின்றால் எழுது, அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன். துண்டு அரத்தைத் தின்றால் மன்னிப்பெல்லாம் எழுத வேண்டாம், பல் மழுங்கிய அரத்தை மட்டும் அனுப்பு.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தருவானாக. தொழுகையை விடாதே, வேளைக்குச் சாப்பிடு. அரத்தை மறந்துவிடாதே, அதை மாட்டப் பட்டறைச் சுவரில் ஆணி அடித்தாகிவிட்டது.

இப்படிக்கு,
உன் உம்மா
ஆசியா உம்மாள்