பிலாரின் ‘வாலே’

1997 மே 6
மண்முனைத் துறையில் இன்றும் பிலாரைச் சுற்றிக் கூட்டம். ஸ்பெயினிலிருந்து எங்கள் நடமாடும் மருத்துவக் குழுவுக்கு வந்த தாதி அவள். அவளுக்கு மொழிபெயர்ப்பவள் நான். ஆனால் அவளுடைய ‘வாலே’யை மட்டும் யாரும் என்னிடம் கேட்டு விளங்கிக்கொள்வதில்லை. ஊசி போடலாமா? வாலே. சோறு போதுமா? வாலே. வா, அழாதே, வெளிக்கிடுவோம் — எல்லாம் வாலே. அவளுடைய மொழியில் ‘சரி’ என்பதற்கு இதுதானாம்; ஊரில் விடலைகள் வம்பளப்பதும் இதை வைத்துத்தானாம். எங்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் சீனித்தம்பி இப்போது தன் தோணிக்கே வாலே சொல்கிறார். சிரிக்காமல் இருக்க நான் படும் பாடு!

மே 11
சீனித்தம்பி கேட்டேவிட்டார். நடு வாவியில், பிலாருக்கு முன்னால்.
“புஸ்பம், உங்கட ஊட்ட வந்து பொம்புள கேக்கட்டா?”
நாள் முழுக்க ஊருக்கெல்லாம் மொழிபெயர்க்கும் எனக்கு அந்த ஒரு சொல்தான் வந்தது. “வாலே” என்றேன். பிலார் துள்ளிய துள்ளலில் தோணி கவிழப் பார்த்தது.

மே 12
அவர் வந்து கேட்டதற்கு அம்மா முடியாது என்றுவிட்டா. “ஷெல் விழுந்த ஊட்டுக்குக் கூரையில்ல. பொம்புளப் புள்ளைக்கு ஊடு குடுக்காமக் கலியாணமா? ஊர் சிரிக்கும்.”
எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வந்து குடியேறுவது பெண்ணின் வீட்டில்தான். அம்மாவின் மானம் முழுக்க அந்தக் கூரையில். எனக்கு முப்பது தாண்டியாச்சு. ஆரிட்டச் சொல்லி அழ?

மே 20
கூரைக்குத் தானே தடி வெட்டி வருகிறாராம் சீனித்தம்பி. அம்மா அதற்கும் கொதிக்கிறா: “மாப்பிள்ள கட்டுற ஊட்டிலயா நான் மகளக் குடுக்கிற?”

மே 22
தடிகளோடு வந்தவரைத் துறைக் காவலரணில், சென்ரியில், ஆமி பிடித்து வைத்திருக்கிறது. இவ்வளவு தடி எதற்கு, இயக்கத்துக்குப் பதுங்குகுழி போடவோ என்று சந்தேகமாம். சாப்பாடு இறங்கவில்லை. அம்மாவும் சாப்பிடவில்லை.

மே 23
விடிய எழும்பினால் அம்மாவைக் காணோம். எங்கள் கல்லடியிலிருந்து பிலாரின் வான் வண்டியில் துறைக்கு ஓடினோம். சென்ரிக்கு முன்னால், வெயிலில், நிலத்தில் சப்பணம் கட்டி அம்மா!
“என்ட மருமகன். என்ட ஊட்டுக்குத்தான் தடி. உட்டாத்தான் எழும்புவன்.”
சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. மத்தியானம் விட்டுவிட்டார்கள்.
அவருடைய கன்னம் வீங்கியிருந்தது. நான் அழுதேன். அவரோ சிரிக்கிறார்: “மருமகன் எண்டு மாமியே சொல்லிட்டாவே!”
அம்மா கேட்காத மாதிரி முன்னால் நடந்தா.

ஜூன் 15
கூரை ஏறிவிட்டது. தடி அவருடையது, தென்னோலைக் கிடுகு அம்மா பின்னியது. அதனால் மானம் தப்பிவிட்டதாம். எல்லோருக்கும் புதுக் கூரைக்குக் கீழே சோறு.
பிலார் தன் மழலைத் தமிழில் கேட்டாள்: “அம்மா, கலியாணம் எப்ப?”
அம்மா சீனித்தம்பியின் சோற்றுக் கோப்பையில் இன்னொரு துண்டு மீனை வைத்தா. என்னைப் பார்த்தா.
“ஆவணியில வைப்பம். வாலே?”
பிலாரும் அவரும் வாயைத் திறந்தார்கள். நான்தான் முந்திக்கொண்டேன்.